அரிசிச் சீமையில் கோதுமைத் தூசு

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குச் சோறு என்றால் அரிசிச் சோறுதான். காலையில் இட்லி, மத்தியானம் சாம்பார் சாதம், இரவில் தோசை. நடுவில் பசித்தால் இருக்கவே இருக்கிறது பழைய சோறும் மோரும். கல்யாணம் ஆனாலும் கருமாதி ஆனாலும் இலையில் விழுவது அரிசிதான். ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் உழவர்களுக்கு விதை கொடுத்து வருகிறது. இப்படிப்பட்ட சீமையில், "கோதுமை என் உடம்புக்கு ஆகாது" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். "ஆகாவிட்டால் போகட்டுமே! இங்கே கோதுமையா விளைகிறது? சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இரும்" என்பார்கள்.

விஷயம் அவ்வளவு சுலபமாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். தட்டில் இருக்கும் சோற்றால் அவருக்கு ஆபத்து இல்லை என்பது உண்மையே. ஆனால் அந்த அரிசி மாவை அரைத்த மிஷின், தோசையை வார்த்த கல், குழம்பில் போட்ட பெருங்காயம், அவர் வேலை பார்க்கும் இடத்தில் மிதக்கும் காற்று — ஆபத்து இவற்றில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

வியாதி என்ன?

இந்த வியாதிக்குச் சீலியாக் நோய் என்று பெயர். கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப் புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை இழுத்தால் ரப்பர்போல் நீளுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். மற்றவர்கள் வயிற்றில் சாதுவாகக் கிடக்கும் இந்தப் புரதத்தைச் சீலியாக் நோய் உள்ளவரின் உடம்பு பகையாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் சேதமாவது அவருடைய சொந்தச் சிறுகுடலே. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற பகுதிகள் தேய்ந்துபோகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை.

வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், மெலிவு, மாத்திரை விழுங்கியும் தீராத ரத்தசோகை, வளர வேண்டிய வயதில் வளராத குழந்தை என்று இது பல வேஷங்களில் வரும். இது தொற்று வியாதி அல்ல. இதற்கு மருந்தும் இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் அறவே விலக்குவது ஒன்றுதான் சிகிச்சை.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ 1888-ல் வியாதியின் அடையாளங்களைத் தெளிவாக எழுதினார். உணவில்தான் பரிகாரம் என்றும் ஊகித்தார். ஆனால் எந்த உணவு குற்றவாளி என்பது புரியவில்லை. ஹாலந்து நாட்டின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே, கோதுமைமீது சந்தேகம் கொண்டிருந்தார். 1944–45 குளிர்காலத்தில், யுத்தத்தின் நடுவே, அந்த நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்காமல் ஊரே வாடியபோது, சீலியாக் நோயாளிக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பியது, வியாதியும் திரும்பியது. 1950-ல் டிக்கே தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். 1952-ல் பர்மிங்ஹாம் ஆராய்ச்சியாளர்கள் கோதுமையில் உள்ள குளூட்டனே குற்றவாளி என்று நிலைநாட்டினார்கள்.

நமக்கு வராதா?

"இது வடக்கத்தியார் வியாதி; நமக்கு வராது" என்ற எண்ணம் படித்தவர்களிடையேகூட உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நிபுணர்களும் பங்கு கொண்ட பெரிய ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளியாயிற்று. நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். இந்த நோய்க்குரிய அடையாளம் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், வடகிழக்கே 0.87 பேரிடமும் தென்பட்டது. தெற்கே நூற்றுக்கு 0.10, அதாவது ஆயிரத்துக்கு ஒருவர்தான்.

அப்படியானால் தெற்கத்தியாரின் ரத்தம் வேறா? இல்லை. வியாதிக்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு வடக்கே நூற்றுக்கு 38.1 பேரிடம் இருந்தது, தெற்கே 36.4 பேரிடம். ஏறக்குறைய சமம்தான். பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம். இதுவரை தென்னாட்டுக்குக் காவலாக நின்றது பெரும்பாலும் அரிசிதான் என்று எண்ண இடம் இருக்கிறது.

அந்தக் காவல் இன்று தளர்ந்து வருகிறது. 1956-ல் அமெரிக்காவுடன் செய்த பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. இன்று ரேஷனில் அரிசிக்கு மாற்றாகவும் அது கிடைக்கிறது. சர்க்கரை வியாதி என்றால், இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுகிறார்கள். காய்ச்சல் என்று படுத்தால் ரொட்டியும் ரவைக் கஞ்சியும் வருகின்றன. வயிறு சரியில்லாத சீலியாக் நோயாளிக்கு 'லேசான ஆகாரம்' என்று அன்போடு ஊட்டுவது அவருக்கு ஆகாத அதே கோதுமையைத்தான்! மாலை நேரத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் காதில் விழுவது கொத்துப் பரோட்டாவின் தாளம். அதற்காக எல்லோரும் கோதுமையை விட்டுவிட வேண்டும் என்பதல்ல. ஆகாத சிலர் யார் என்று கண்டுகொள்ள வேண்டும் என்பதே விஷயம்.

மாவே பிழைப்பானவர்

வீட்டில் இருப்பவர் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். மாவே பிழைப்பாக உள்ளவர் என்ன செய்வார்? பரோட்டாக் கல்லடியில் நிற்கும் மாஸ்டர், மாவு மில்லில் வேலை பார்ப்பவர், பேக்கரித் தொழிலாளி, கல்யாண வீட்டில் நூற்றுக்கணக்கான பேருக்குப் பூரி தேய்க்கும் பெண், சந்திரகலா செய்யும் மிட்டாய்க் கடைக்காரர் — இவர்களில் ஒருவருக்கு இந்த வியாதி என்று டாக்டர் சொன்னால், "கோதுமையைத் தொடாதே" என்பது "சம்பளத்தைத் தொடாதே" என்பதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் பலர் முதலாளியிடம் சொல்லத் தயங்குவார்கள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் உடம்பு போகும்.

முதலில் ஒரு பயத்தைப் போக்க வேண்டும். மாவைக் கையால் தொடுவதால் மட்டும் இந்த வியாதி தாக்குவதில்லை. குளூட்டன் வாய் வழியாக வயிற்றுக்குப் போனால்தான் தீங்கு. ஆனால் மூக்கில் ஏறும் மாவுத் தூசும் தொண்டையில் இறங்கி வயிற்றுக்கே போய்ச் சேருகிறது. 2007-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்' என்ற மருத்துவ இதழ் இரண்டு விவசாயிகளைப் பற்றி எழுதியது. இருவரும் சீலியாக் நோயாளிகள். சாப்பாட்டில் கண்டிப்பாகப் பத்தியம் இருந்தும் குணம் காணவில்லை. விசாரித்தால், மாட்டுக்குத் தானியத் தீவனத்தை உலர்ந்தபடியே கலந்து கொட்டும்போது எழுந்த தூசு காரணமாக இருந்தது. முகமூடி அணிந்து வேலை செய்த பிறகு உடம்பு தேறியது. மாடும் தீவனமும் நிறைந்த டெல்டாவில் இது ஒதுக்கிவிடக் கூடிய செய்தி அல்ல. கோதுமைத் தவிடு இங்கேயும் மாட்டுத் தீவனம்தானே?

எவ்வளவு சிறிய அளவு ஆபத்து? 2007-ல் வெளியான இத்தாலிய ஆராய்ச்சி ஒன்றில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் சேர்ந்தாலே குடல் கெடும் என்று கண்டார்கள். ஒரு துண்டு ரொட்டியில் இதைப்போல் பல மடங்கு இருக்கிறது. ஆகவே 'கொஞ்சம்தானே' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

வேலையிடத்தில் காவல்

உலர்ந்த மாவு பறக்கும் இடத்தில் வேலை இல்லாமல் இருப்பதே உத்தமம். முடியாதபோது செய்ய வேண்டியவை இவை.

மாவைக் கொட்டுவது, சலிப்பது, உலர்ந்தபடி கலப்பது ஆகிய மூன்று வேலைகளையும் வேறொருவர் செய்யட்டும். தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவு அவ்வளவாகப் பறக்காது. மாவு பறக்கும் நேரத்தில் தூசை நன்றாகத் தடுக்கும் முகமூடி வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சிந்திய மாவைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது; பெருக்கினால் மறுபடி காற்றில் எழும்பும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பதம் பார்க்கிறேன் என்று வாயில் போடும் பழக்கத்தை விட வேண்டும். குடிதண்ணீரும் டீயும் மாவு மேஜைக்கு அருகில் இருக்கக் கூடாது. நம் பக்கத்தில் முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும்: வெற்றிலை. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையாகவே இருக்கட்டும், மாவுக் கையால் சுண்ணாம்பு தடவி மடித்தால் வெற்றிலையோடு மாவும் உள்ளே போகும். கையைச் சோப்புப் போட்டு, நகக்கண் வரை கழுவ வேண்டும். கிருமிநாசினித் திரவம் கிருமியைக் கொல்லுமே தவிர மாவை அகற்றாது. வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றி, முகம் கழுவி, வாய் கொப்பளித்த பிறகே சாப்பிட உட்கார வேண்டும்.

நெருப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையும் இங்கே பலிக்காது. சூட்டில் குளூட்டன் அழிவதில்லை. பூரி பொரித்த எண்ணெயில் வடை போட்டால் அந்த வடை ஆகாது. ரவா தோசை வார்த்த கல்லில் சாதா தோசை வார்த்தால் அதுவும் ஆகாது. சப்பாத்திப் பலகை, சல்லடை, முறம் இவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளாமல் அவருக்கென்று தனியாக ஒதுக்குவதே நல்லது.

சமையலறையில் இன்னும் சில ஒளிவிடங்கள் உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பாசிப்பருப்புப் பண்டம் என்று நம்பும் திருவையாறு அசோகாவிலும் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். ரவையும் பெரும்பாலான சேமியாவும் கோதுமையே. சத்துப் பானம் என்று விற்கும் மால்ட் மாவுகளில் பார்லி இருக்கிறது. பாக்கெட்டில் அடைத்த உணவில் குளூட்டன் தானியம் இருந்தால் அதை அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 'குளூட்டன் இல்லாதது' என்று விற்பதற்கு, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது பாக்கெட்டின் பின்புறத்தைப் படிப்பது நல்லது.

யார் என்ன செய்ய வேண்டும்?

இத்தனையையும் நோயாளி ஒருவர் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது. மாவு மில்லில் ஒரே மிஷினில் கோதுமையும் அரிசியும் மாறி மாறி விழுகின்றன. அரிசிக்கு என்று ஒரு மிஷினை ஒதுக்கினால் சீலியாக் நோயாளியின் வீட்டில் இடியாப்பமும் கொழுக்கட்டையும் பயமில்லாமல் வேகும். ஒதுக்க முடியாத சிறு மில்காரர், "இது கோதுமை அரைத்த மிஷின்" என்று உண்மையைச் சொன்னாலே பெரிய உபகாரம். அந்த வீட்டார் அரிசியை வீட்டிலேயே அரைத்துக்கொள்வார்கள்.

ஹோட்டல்காரருக்கும் அதே கடமைதான். "இதில் மைதா இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டால் அதைக் குறும்பு என்று நினைக்காமல், சமையற்கட்டில் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். "தெரியவில்லை" என்பதும் நல்ல பதில்தான். "ஒன்றும் ஆகாது, சாப்பிடுங்கள்" என்பதுதான் கெட்ட பதில்.

தொழிலாளியின் வியாதியை அறிந்த முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. இட்லிக் கொப்பரையும் சாம்பார் அண்டாவும் காய் நறுக்கும் மேடையும் இருக்கவே இருக்கின்றன. இருபது வருஷம் கை பழகிய ஆளை இழப்பதைவிட அடுப்பை மாற்றிக் கொடுப்பது மலிவு.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. தீராத ரத்தசோகையையும் ஓயாத வயிற்றுப்போக்கையும் காணும்போது, "இது நம் பக்கத்து வியாதி அல்ல" என்று தள்ளிவிடாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். தேவையானால் சிறுகுடலின் சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்து உறுதி செய்யலாம். நோயாளிகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பரிசோதனைக்கு முன்பே தாமாகக் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் அடையாளங்கள் மறைந்து, உண்மை தெரியாமலே போய்விடும்.

மற்ற நாடுகளில் இந்த வியாதிக்காரர் கோதுமை இல்லாத ரொட்டியைத் தேடிப் பெரும் விலை கொடுக்கிறார். காவிரிப் படுகையில் அவருக்கு வேண்டியதை வயலே கொடுக்கிறது. இட்லி, புட்டு, அவல், ஆப்பம், கேழ்வரகுக் கூழ், கம்பங்கஞ்சி எல்லாம் தலைமுறை தலைமுறையாக இங்கே உள்ளவைதான். காவிரி கொடுத்த அந்தச் சோற்றில் ஒரு சிட்டிகை மாவு தெரியாமல் விழாதபடி பார்த்துக்கொள்வது, அவரைச் சுற்றியிருக்கும் மற்றவர்கள் செய்ய வேண்டிய காரியம்.