மணிலாவும் அளவுக் கலையும்

கூட்டேரிப்பட்டுச் சுற்றுப்புறக் குடியானவர் விளைவிக்கும் மணிலாக்கொட்டையின் மதிப்பை இன்று தராசு மட்டும் நிர்ணயிப்பதில்லை. நேராக உண்பதற்கான பருப்பில் அப்ளாடாக்ஸின் எனும் பூஞ்சை நஞ்சு நூறு கோடியில் 4 பங்குக்கு மேலிருப்பின் ஐரோப்பிய யூனியன் அதை ஏற்பதில்லை. இதை அளக்க நுட்பமான கருவியும், அதனினும் முக்கியமாகத் தேர்ந்த கையும் வேண்டும். ஒரு பருப்பில் மிகுந்தும் அடுத்ததில் அறவே இல்லாமலும் இருப்பது இந்நஞ்சின் இயல்பு. மூட்டையில் மாதிரி எடுப்பது பிசகினால் கருவியும் பொய் சொல்லும்.

1940-இல் டி.எம்.வி. 2 ரகத்தை நாட்டுக்களித்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில் இருக்கிறது. மயிலத்தில் பொறியியற் கல்லூரி இருக்கிறது. வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும் இவற்றோடு கூடி நம் வாலிபர்களை இத்தொழிலில் பழக்கத் தடையென்ன? செலவென்பார்கள். துறைமுகத்தில் தள்ளுபடியாகும் சரக்கின் நஷ்டமோ கடைசியில் குடியானவன் தலையிலன்றோ விழுகிறது! அடுத்த சாகுபடிக்கு முன்பே ஜில்லா அதிகாரிகள் இவர்களை ஓரிடத்தில் கூட்டிப் பேசவேண்டுமென்று கோருகிறோம்.