யாழ்ப்பாணம் ட்ரிப் போகிறவர்களுக்கு

பாடசாலை லீவு விட்டதும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து ஹயர் வேன்கள் யாழ்ப்பாணம் புறப்படுகின்றன. பாய், தலையணை, சோற்றுச் சட்டி எல்லாம் உள்ளே. கோட்டை, நூலகம், கசூரினா கடற்கரை, நயினாதீவு என்று ஓடி, போட்டோ எடுத்துவிட்டு இரவே திரும்புகிறோம்.

நம்மில் சிலருடைய வாப்பா, உம்மா 1990 ஒக்டோபரில் சோனகத் தெருவிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டவர்கள். அவர்களோடு வளர்ந்த தமிழ்க் கூட்டாளிகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள், எழுபது வயதைத் தாண்டி. கசூரினாவை இந்த முறை விடுங்கள். வாப்பாவை அந்த வீட்டில் இறக்கி இரண்டு மணித்தியாலம் பேச விடுங்கள். அழுவார்கள், சண்டையும் பிடிப்பார்கள்; பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். நான் வகுப்பில் ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தாலும் அது வராது.

முதல் நாளே கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு பேர் திடீரென்று இறங்கினால் அந்த வீட்டு அம்மா பாவம். ஹலால் கோழியை நாமே கொண்டுபோகலாம்.