அப்பா பெயர் இருந்தால் போதுமா? பாக்ஸர் மகன்களின் கதை நமக்குச் சொல்வது என்ன?

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில் 14 வயசுப் பையன் ஒருவன், போனில் பாக்ஸிங் வீடியோ பார்த்துவிட்டு "நானும் கத்துக்கணும்" என்று வீட்டில் அடம்பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் யாருக்கும் குத்துச்சண்டை தெரியாது. அவன் பார்த்த வீடியோவில் மோதிய இருவருமே முன்னாள் உலக சாம்பியன்களின் மகன்கள். அப்படியென்றால் இது வாரிசுகளுக்கான விளையாட்டா?

யார் அந்த மகன்கள்?

பிரிட்டனின் கிறிஸ் யூபேங்க், நைஜல் பென் இருவரும் 1990-ல் மோதினார்கள், யூபேங்க் ஜெயித்தார். 1993-ல் மறுபடியும் மோதியது டிராவில் முடிந்தது. 2025 ஏப்ரல் 26 அன்று அவர்களின் மகன்கள் கிறிஸ் யூபேங்க் ஜூனியரும் கானர் பென்னும் லண்டன் டாட்டன்ஹாம் ஸ்டேடியத்தில் மோதினார்கள். பெரிய உலகப் பட்டம் எதுவும் பணயத்தில் இல்லை. ஆனாலும் 60 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். ஜூனியர் யூபேங்க் புள்ளிகளில் ஜெயித்தார். நவம்பர் 15 அன்று அதே இடத்தில் நடந்த மறுமோதலில் கானர் பழிதீர்த்தார்.

அப்பா பெயர் எதைத் தரும்?

டிக்கெட், டிவி நேரம், பணம். சாதாரண வீட்டுப் பையன் சின்னச் சின்ன ஹால்களில் பல வருஷம் மோதித்தான் மேலே வரணும். பிரபலத்தின் மகனுக்கு அந்த க்யூ கிடையாது.

அதுவே ஆபத்தும்கூட. ஜோ ஃபிரேசியரின் மகன் மார்விஸ், வெறும் 10 போட்டி அனுபவத்தோடு 1983-ல் லாரி ஹோம்ஸ் முன்னால் நின்றார். முதல் ரவுண்டிலேயே கதை முடிந்தது. 1986-ல் மைக் டைசன் அவரைச் சாய்க்க 30 விநாடிதான் ஆனது. அப்பா பெயர் ரிங் வாசல் வரை கூட்டிப்போகும். பெல் அடித்த பிறகு குத்து வாங்குவது மகன்தான்.

அனுபவம் என்ன கற்றுக்கொடுக்கும்?

1991-ல் சீனியர் யூபேங்கோடு மோதிய மைக்கேல் வாட்சன், மூளையில் அடிபட்டு 40 நாள் கோமாவில் கிடந்தார். உடம்பின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டது. ரிங் பக்கத்தில் தேவையான அவசர சிகிச்சை வசதி இல்லை என்று அவர் வழக்குப் போட்டு, பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்துக்கு எதிராக ஜெயித்தார். அது நடந்த மைதானம் ஒயிட் ஹார்ட் லேன். அதை இடித்துவிட்டுக் கட்டியதுதான், மகன்கள் மோதிய இன்றைய ஸ்டேடியம்.

2016-ல் ஜூனியர் யூபேங்க், நிக் பிளாக்வெல்லைத் தலையில் அடித்துக்கொண்டே இருந்தார். ரவுண்டு இடைவெளியில் அப்பா, முகத்தை விட்டுவிட்டு உடம்பில் அடிக்கச் சொன்னார். 10-வது ரவுண்டில் போட்டி நிறுத்தப்பட்டது. பிளாக்வெல் மூளையில் ரத்தக்கசிவோடு கோமாவுக்குப் போனார். உயிர் பிழைத்தார், ஆனால் அவரது தொழில்முறை பாக்ஸிங் அங்கேயே முடிந்தது.

அந்த இடைவெளியில் மகனுக்குக் கிடைத்ததுதான் உண்மையான சொத்து: எப்போது நிறுத்தணும் என்கிற அறிவு. அதைச் சொல்லித்தர ரத்த உறவு கட்டாயமில்லை.

நம்ம ஊரில் 'பரம்பரை' என்றால்?

வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற பரம்பரைகள் புகழ்பெற்றவை. அது ரத்த வழி இல்லை, வாத்தியார் வழி. 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்திலும் ரங்கன் வாத்தியார் சொந்த மகனை முன்னிறுத்தவில்லை. கபிலன்தான் ரிங்குக்குப் போகிறான். கபிலனின் அப்பாவும் பாக்ஸர்தான். ஆனால் அவருக்கு நேர்ந்த கதியை நினைத்துத்தான் அம்மா அவனைத் தடுக்கிறாள்.

ஹரியானாவின் பிவானியில் இரண்டு வழியையும் பார்க்கலாம். ஆசிய விளையாட்டில் 1966, 1970 இரண்டிலும் தங்கம் வென்ற ஹவா சிங் அந்த ஊர்க்காரர். அவர் மகன் சஞ்சயும் பாக்ஸர். பேத்தி நூபுர், அப்பாவிடம் பயிற்சி எடுத்து, 2025 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றார். அதே பிவானியில் பயிற்சி எடுத்த விஜேந்தர் சிங் ஒரு பஸ் டிரைவரின் மகன். 2008-ல் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார், 2015-ல் தொழில்முறைக்கும் போனார்.

சரி, அந்தப் பையன் என்ன செய்யணும்?

இந்தியாவில் தொழில்முறை பாக்ஸிங்கை நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று அமெச்சூர் வழியில் பதக்கம் வாங்கினால் ரயில்வே, ராணுவம், போலீஸ் என விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வாய்ப்பு உண்டு.

பயிற்சிக்குச் சேர்க்கும் முன் வீட்டில் உள்ளவர்கள் வாத்தியாரிடம் மூன்று கேள்வி கேட்கணும். சமமான எடை, அனுபவம் உள்ளவர்களோடுதான் மோத விடுவீர்களா? தலையில் அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு? போட்டியில் டாக்டர் இருப்பாரா?

பதில் தெளிவாக வந்தால் பையனைத் தைரியமாக அனுப்பலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால், வேறு வாத்தியாரைத் தேடுங்கள்.