கண்ணாடி பீரோவில் ஒரு படப் புத்தகம்

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வரும்வரை அவருடைய கண்ணாடி பீரோவை நோட்டம் விட்டேன். 2016-இல் ஹார்ப்பர்காலின்ஸ் வெளியிட்ட சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' ஓவியக் குறிப்பேடு அங்கே நின்றிருந்தது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. "பிரித்தால் மதிப்புப் போய்விடும் சார், பிற்பாடு நல்ல விலைக்குப் போகும்" என்றார். காபி நன்றாக இருந்தது. அதனால் அங்கே ஒன்றும் சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

கல்கத்தாவில் காலம் தள்ளும் நமக்கு ராயை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவர் படம் எடுக்க வருமுன் டி.ஜே. கீமர் என்ற விளம்பரக் கம்பெனியில் படம் வரைந்து சம்பளம் வாங்கியவர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி சிக்னெட் பிரஸ் வெளியிட்டபோது அதற்குச் சித்திரம் போட்டவரும் அவர்தான். விதை அங்கே விழுந்தது. 1955-இல் வெளிவந்த படத்துக்கு முறையாக எழுதி முடித்த திரைக்கதை கிடையாது. காட்சிகளை வரிசையாக மையில் வரைந்த இந்தக் குறிப்பேடுதான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தயாரிப்பாளர்களின் படியேறி இறங்கினார். யாரும் பணம் போடவில்லை. கடைசியில் மேற்கு வங்க அரசாங்கம் கைகொடுத்துத்தான் படம் முடிந்தது.

பர்த்வான் மெயின் லைனில் பால்சிட் பக்கம் நான் டிராலியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். துர்காவும் அப்புவும் காஷ் பூக்களுக்கு நடுவே ரயில் பார்க்க ஓடுகிற காட்சியை 1952-இல் அங்கேதான் எடுக்க ஆரம்பித்தார்கள். பாதி எடுத்துவிட்டு அடுத்த வாரம் வந்து பார்த்தால், பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மறுபடி பூக்கும் பருவம் வரை காத்திருந்தார்கள். வெள்ளைப் பூவுக்குப் பின்னால் கரும்புகை தெரிய வேண்டுமென்று தம் ஆளையே எஞ்சினில் ஏற்றிக் கரி போடச் சொன்னாராம். (எங்கள் ஃபயர்மேன் அப்படிப் புகை விட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.)

இந்தக் குறிப்பேட்டை ராய், பாரிஸில் உள்ள திரைப்படக் காப்பகத்துக்குக் கொடுத்திருந்தார். பிற்காலத்தில் குடும்பத்தார் கேட்டபோது மூலப் பிரதி காணவில்லை. யாரோ முன்பு எடுத்துவைத்த நகல் கிடைத்ததால்தான் புத்தகமே உண்டாயிற்று. படத்தின் மூல நெகட்டிவும் 1993-இல் லண்டன் லேபரட்டரி ஒன்றில் ஏற்பட்ட தீயில் சிக்கிச் சேதமடைந்தது. மிஞ்சியதைப் பாடுபட்டுச் சீராக்கி 2015-இல் மீண்டும் திரையிட்டார்கள்.

டிராயிங் இல்லாமல் சிறு கல்வெர்ட்டில்கூடக் கைவைக்காத உத்தியோகம் என்னுடையது. ஒரு சமயம் பழைய ஆர்ச் பாலம் ஒன்றில் விரிசல். ஆபீஸில் தேடினால், டிராயிங் கட்டைக் கரையான் தின்றிருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று யாரோ புண்ணியவான் பெட்டியில் பூட்டிவிட்டுப் போயிருந்தார். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்ள மூன்று நாள் தோண்டினோம். வேலை நடக்கும் இடத்தில் நாலு பேர் கைபட்டு அழுக்கான நகல் ஒன்று இருந்திருந்தால் அந்தப் பாடு இல்லை.

மூலம் தொலைந்தும் நகலால் பிழைத்த புத்தகம் இது. அதையும் உறைக்குள் பூட்டினால் எப்படி? விலை ஏறும் என்று காத்திருப்பவர்கள் நிலப் பத்திரம் வாங்கட்டுமே.

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் யோக்கியன் இல்லை. என் பிரதியை நாலு வருஷம் தலைப்பு மட்டும் தெரியும்படி மேல் தட்டில் வைத்திருந்தேன். பூஜை விடுமுறைக்கு வந்த பேத்திக்குப் பதினொரு வயது. வங்காளி நன்றாகப் படிப்பாள், தமிழ் எழுத்துக் கூட்டித்தான். "தாத்தா, அதை எடுக்கலாமா?" என்று கேட்டாள். கை அலம்பிவிட்டு வா என்றேன். சாயங்காலம் பார்த்தால், ரயில் காட்சிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய நோட்டில் கட்டம் கட்டமாக எங்கள் மாடிப்படியை வரைந்துகொண்டிருந்தாள். ஐந்தாவது கட்டத்தில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறேன்.

அந்தப் பிரதியை நம் சங்க நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். செயலாளரிடம் ஒரே நிபந்தனை: பூட்டுப் போடும் அலமாரியில் வைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் குழந்தைகள் மேஜையில் அது கிடக்கிறது. நாற்பதாம் பக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலை மடங்கியிருக்கிறது. அது என் பேத்தியின் வேலை.