நூறு வயசுக்குப் பெயின்ட் அடிச்சால் மட்டும் போதுமா?

2027 வந்தால் திருகோணமலை ரயில் பாதைக்கு நூறு வயசு. மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, ஹபரணை தாண்டிக் கல்லோயா சந்திக்கு வந்து, அங்கிருந்து கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என்று இறங்கி, 1927இல் எங்கட துறைமுகத்தைத் தொட்ட பாதை இது. (அம்பாறைப் பக்கத்துக் கல்லோயாத் திட்டம் வேறு, குழப்பிக்கொள்ளாதேங்கோ.) கல்லோயாவில் பிரியும் மற்றக் கிளை 1928இல் மட்டக்களப்பைச் சேர்ந்தது.

நூற்றாண்டுக்கு என்ன நடக்கும் என்று இப்பவே சொல்லலாம். பெரிய ஸ்டேஷனுக்குப் பெயின்ட், ஒரு மேடை, ஒரு ரிப்பன், நாலு பேச்சு. தம்பலகாமம் மாதிரிச் சின்ன ஸ்டேஷனை ஆரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். நாங்களும் இன்ஸ்டாகிராமில் ஒரு 'விண்டேஜ்' படம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். இந்தப் படம் போடுற மரபுரிமையில்தான் எனக்குக் கோபம்.

ரயில் மரபுரிமை என்றால் இலங்கையில் உடனே நினைவுக்கு வருவது மலைநாடுதான். தெமோதரை வளையம், ஒன்பது வளைவுப் பாலம், நானுஓயா. ரயில்வே மியூசியமும் கடுகண்ணாவையில்தான். நல்லது, அவை இருக்கட்டும். ஆனால் வயலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கட ஸ்டேஷன்களின் கதையை எந்தப் புத்தகத்தில் படித்திருக்கிறோம்?

சட்டமும் கைகொடுக்காது. தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவைதான் தாமாகவே பழஞ்சின்னம் ஆகும். கண்டி இராச்சியம் பிரிட்டிஷாரிடம் போன நாள் அது. அதற்குப் பிந்தியதென்றால் அரசு தனியாக அறிவிக்க வேணும். 1927ஆம் ஆண்டுப் பாதையில் இருக்கிற ஒரு கிராமத்து ஸ்டேஷனுக்காக ஆர் போய்க் கேட்கப் போகிறார்?

கிழக்கில் மரபுரிமை என்றாலே 'ஆர் முதலில் வந்தது' என்ற சண்டை. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஒரு ஜனாதிபதி செயலணி போட்டார்கள். தமிழர், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு, ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லாமலே அது தொடங்கியது. அந்தச் சண்டையில் எங்கட பக்கத்தை நாங்கள் விடத் தேவையில்லை. ஆனால் ஸ்டேஷன் கேட்கிற கேள்வி வேறு: இதை ஆர் பாவித்தது? கந்தளாயில் சிங்களவர், முள்ளிப்பொத்தானையில் முஸ்லிம்கள், தம்பலகாமத்தில் தமிழர் என்று மூன்று சனமும் ஏறி இறங்கிய ஒரே தண்டவாளம் இது. இந்த மாவட்டத்தில் ஆரும் ஆரிடமிருந்தும் பறிக்கத் தேவையில்லாத மரபுரிமை வேறு எத்தனை இருக்கு?

தம்பலகாமத்துக்குக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று தெரியும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது, தப்பிய திருவுருவங்களை வைத்துக் கும்பிட எழுந்ததுதான் ஆதி கோணேஸ்வரம் என்பது ஊர் மரபு. இடித்த கல் கோட்டைக்குப் போனது. வழிபாடு நிற்கவில்லை. சனம் தொடர்ந்து பாவித்ததால்தான் அது மிஞ்சியது. ஸ்டேஷனுக்கும் அதே கணக்குத்தான். கோச்சி நிற்காத ஸ்டேஷன் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வெறும் கட்டடம்தான்.

'ஏற ஆளில்லை, நட்டம்' என்று உடனே சொல்வார்கள். இந்தப் பாதையின் பேர்போன வண்டி கொழும்பு இரவு மெயில். கொழும்புக்குப் போறவருக்கு அது சரி. கந்தளாய் ஆஸ்பத்திரிக்குப் போற அம்மாவுக்கும், திருமலைக்கு டியூஷன் போற பிள்ளைக்கும் இரவு வண்டியால் என்ன பிரயோசனம்? ஊர்ச்சனத்துக்கு உதவாத நேரத்தில் வண்டியை ஓட்டிவிட்டு, பிறகு ஆளை எண்ணினால் கணக்கு எப்படி வரும்?

இந்தக் கணக்கை நம்பி ஏமாந்த நாடுகள் இருக்கு. பிரிட்டனில் 1963இல் பீச்சிங் அறிக்கை வந்தது. நட்டக் கணக்குக் காட்டி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. எடின்பரோவிலிருந்து தெற்கே போன பாதையை 1969இல் மூடினார்கள். அதில் ஒரு பகுதியைப் பெருஞ்செலவில் திரும்பப் போட்டு 2015இல் திறந்தார்கள். எங்களுக்கு அவ்வளவு சிரமம்கூட இல்லை. தண்டவாளம் இருக்கு, ஸ்டேஷன் இருக்கு. காலையும் பின்னேரமும் கந்தளாய்க்கும் திருமலைக்கும் இடையில் ஒரு ரயில் பஸ் ஓடினால் போதும். பள்ளிக்கூட நேரத்துக்கும் ஒப்பீஸ் நேரத்துக்கும் பொருந்த வேணும். நூற்றாண்டு விழாவுக்கு ரிப்பன் வெட்டத்தான் வேணும் என்றால், அந்த வண்டிக்கு முன்னால் வெட்டட்டும்.

மற்ற வேலை எங்களுடையது. கலைப்பீடத்தில் வருஷாவருஷம் வரலாற்று ஆய்வுக்கட்டுரை எழுதுகிறோம். சோழர், யாழ்ப்பாண இராச்சியம், ஒல்லாந்தர் என்று பழைய தலைப்புகளையே சுற்றிச் சுற்றி வருகிறோம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் சீனக்குடாவில் குண்டு போட்டதை எல்லாரும் எழுதுகிறார்கள். அதே சீனக்குடா ஸ்டேஷனில் கடமை பார்த்தவர்களைப் பற்றி, போர்க்காலத்தில் இந்தத் தண்டவாளத்தைக் காத்தவர்களைப் பற்றி, சிலிப்பர் கட்டை சுமந்தவர்களைப் பற்றி எழுத ஆளில்லை. ஓய்வுபெற்ற நிலைய அதிபர்களும் கடவைக் காவலாளிகளும் கேட் திறந்து மூடிய கைகளோடு இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களும் போன பிறகு எங்கே போய்க் கேட்பது?

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால், படம் எடுக்க முதல் உங்கட ஸ்டேஷனில் வேலை செய்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கோ. போனில் பதிவு செய்யுங்கோ. தமிழில் எழுதுங்கோ. பிறகு சிங்களத்திலும் போடுவோம், கந்தளாய்க்காரரும் வாசிக்கட்டும். 2027க்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.