மேலை ஆடையின் வரலாற்றில் துணி எங்கே?

மேலைநாட்டு ஆடை வரலாற்றை நம் வகுப்பறைகளில் கற்பிக்கும் முறை ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான்: நூற்றாண்டுக்கு ஒரு படம். 16ஆம் நூற்றாண்டுக்கு எலிசபெத் அரசியின் மடிப்புக் கழுத்துப்பட்டி. 18க்கு வெர்சாய் அரண்மனையின் அகன்ற பாவாடை. 19க்கு இறுகக் கட்டிய இடைக்கச்சு. 20க்கு ஷனேலின் கறுப்புக் குற்றுடை. இடை ஏறியது, இறங்கியது. பாவாடை விரிந்தது, சுருங்கியது. ஏன் என்று கேட்டால் ‘ரசனை மாறியது’ என்பதே விடை. ரசனையை ஏன் மாற்றிக்கொண்டார்கள் என்று மாணவர் கேட்பதில்லை. கேட்கும்படி நாம் கற்பிப்பதும் இல்லை. வெளிவடிவங்களை வரிசைப்படுத்தும் இந்தப் பாடத்தை வரலாறு என்று ஏற்க நான் மறுக்கிறேன். அதில் ஆடை இருக்கிறது, துணி இல்லை. துணி இல்லாததால் நெய்தவர், சாயமிட்டவர், விற்றவர், தடுத்தவர் எவரும் இல்லை.

‘ரசனை’ என்னும் விடை எவ்வளவு போதாதது என்பதற்குச் சீட்டித் துணி ஒன்றே சான்று. வண்ணம் தீட்டிய இந்தியப் பருத்தித் துணியை 1686இல் பிரான்ஸ் தடைசெய்தது. தடை 1759 வரை, 73 ஆண்டுகள் நீடித்தது. இங்கிலாந்து 1700இல் அதன் இறக்குமதிக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1721இல், அச்சிட்ட பருத்தித் துணிகளுள் பெரும்பாலானவற்றை உடுத்துவதையே குற்றமாக்கியது. இடையில், 1719இல், லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து ஆடையைக் கிழித்தார்கள்; மையையும் அமிலத்தையும் வீசினார்கள். எசமானியும் பணிப்பெண்ணும் ஒரே துணியில் தெரிகிறார்கள் என்ற எரிச்சலும் அக்காலத் துண்டறிக்கைகளில் பதிவாகியுள்ளது. வயிற்றுப்பாடு, வர்க்க அச்சம், பெண்ணுடல் மீதான வன்முறை, நாடாளுமன்றச் சட்டம் ஆகிய நான்கும் ஒரு பாவாடையில் முடிச்சிட்டு நிற்கின்றன. நம் பாடத்திட்டமோ அதைப் ‘பூவேலைப்பாடு மிக்க ஆடை’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறது.

தடை நீடித்த காலத்தில் ஐரோப்பா சும்மா இருக்கவில்லை, கற்றுக்கொண்டது. சோழமண்டலக் கரையில் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் கேர்து, 1742இல் எழுதிய கடிதத்தில் நம் சாயக்காரர்களின் செய்முறையைப் படிப்படியாக விவரித்தார்: துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்பது, படிகாரம் தீட்டுவது, சாயவேரில் சிவப்பேற்றுவது. தடை நீங்கிய மறு ஆண்டே, 1760இல், ஒபர்காம்ஃப் பாரிஸுக்கு அருகே ஜூயி என்னும் ஊரில் துணி அச்சிடும் ஆலையைத் தொடங்கினார். ஜூயித் துணி இன்று ‘பிரெஞ்சு அழகியல்’ என்ற தலைப்பில் கற்பிக்கப்படுகிறது. கடிதம் எழுதியவரின் பெயர் நூல்களில் நிற்கிறது. தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ‘சாயக்காரர்கள்’ என்ற பொதுப்பெயருக்குள் அடங்கிவிட்டார்கள்.

அடுத்த படத்துக்கு வருவோம். 1783இல் ஓவியர் விஜே லெ புருன், மரி அந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் உடையில் தீட்டிப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அரசி உள்ளாடையோடு நிற்கிறாள் என்று கண்டனம் எழுந்தது. லியோன் பட்டுத் தொழிலைக் கைவிட்டு அயல் துணியை உடுத்துகிறாள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. படம் அகற்றப்பட்டு, பட்டாடை அணிந்த வேறொரு படம் வைக்கப்பட்டது. நாம் இதை ‘எளிமையை நோக்கிய நகர்வு’ என்கிறோம். 1800ஐ ஒட்டிய மெல்லிய வெள்ளை உடைகளுக்குக் ‘கிரேக்கச் சிலைகளின் செல்வாக்கு’ என்கிறோம். கிராம்ப்டனின் 1779ஆம் ஆண்டு நூற்புப் பொறியும், விட்னியின் 1793ஆம் ஆண்டு பஞ்சு கடையும் பொறியும், அமெரிக்கத் தென்மாநில அடிமைகளின் உழைப்பும் சேர்ந்து பருத்தியை மலிவாக்காமல் போயிருந்தால், அந்தக் கிரேக்கக் கனவை எத்தனை பேர் உடுத்தியிருக்க முடியும்?

இங்கே ஒரு குரல் எழும்: ‘அப்படியானால் மேலை ஃபேஷன் நம் கொடை!’ இந்தப் பெருமிதத்தையும் நான் மறுக்கிறேன். 1700ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியத் துணியை இங்கிலாந்தில் விற்கத்தான் தடுத்தது. மறு ஏற்றுமதியைத் தடுக்கவில்லை. அத்துணிகளில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், மனிதர்களை விலைக்கு வாங்கப் பயன்பட்டது. பிரெஞ்சு அடிமைக் கப்பல்களும் இந்தியத் துணியை ஏற்றிச் சென்றன. நம் தறிகள் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றவை அல்ல. ஐரோப்பிய மையவாதத்துக்கு மாற்றாக ‘எல்லாம் இங்கிருந்தே போயின’ என்று எழுதுவது அதே படவரிசையில் நம் கொடியைச் செருகுவதாகும்.

வடிவமும் வரலாறுதானே என்பார்கள். ஆம், ஆனால் வடிவத்துக்கும் பொருளடிப்படை உண்டு. 1856இல் காப்புரிமை பெற்ற கூண்டுப் பாவாடை எஃகுக் கம்பி இல்லாமல் விரிந்திருக்காது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ‘புதிய பெண்’ணின் அடையாளமாகப் போற்றப்படும் சட்டைமேலாடையைத் தைத்தவர்கள் நியூயார்க்கில் குடியேறிய இளம்பெண்கள். 1911 மார்ச் 25இல் டிரையாங்கிள் ஆலைத் தீயில் 146 பேர் மாண்டார்கள். வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. 2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்னதைப் படிக்காமல் ஆடை வடிவமைக்கப் பழகிய தலைமுறைக்குப் பின்னது வெறும் ‘விபத்து’ச் செய்தி.

ஆகவே பாடத்திட்டக் குழுக்களில் இருப்போரிடம் ஒரு கோரிக்கை. படங்களை நீக்க வேண்டாம். ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று வினாக்களை எழுதுங்கள்: இது என்ன துணி? யாருடைய கை இதை உருவாக்கியது? இதை அனுமதித்த, அல்லது தடுத்த சட்டம் எது? விடை தெரியாத இடங்களில்தான் நம் ஆய்வு மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. இதை மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ‘ரசனை மாறியது’ என்ற சொற்றொடர் இல்லாமல் மறுக்கட்டும்.