எளிமைப்படுத்தலாம், பிழைப்படுத்தலாமா?



ஆசிரியர்களாகிய நாம் நம் வெற்றிகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பிழைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. இன்று நான் எழுத முனைவது, என் வகுப்பறையில் நானே செய்த ஒரு பிழையைப் பற்றி. அந்தப் பிழையின் வழியாக, தொடக்கப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் முறை குறித்து எனக்குத் தோன்றிய கருத்தொன்றையும் முன்வைக்க விரும்புகிறேன்.

அது 2016ஆம் ஆண்டு. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் திடம், திரவம், வாயு ஆகிய மூன்று நிலைகளைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பொருள்கள் யாவும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களால் ஆனவை, அத்துகள்கள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கின்றன என்று கூறினேன். சான்று வேண்டுமே! சாளரத்தின் வழியே காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒளியில் தூசு மிதந்தது. "அதோ பாருங்கள், காற்றிலுள்ள மூலக்கூறுகள் இடிப்பதால்தான் அந்தத் தூசு ஆடுகிறது. இதற்குப் பிரௌன் இயக்கம் என்று பெயர்" என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போது பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். "டீச்சர், காத்தாடி சுத்தற பக்கமாவே எல்லாத் தூசியும் போகுதே? காத்தாடிய நிறுத்தினா ஏன் மெதுவாயிடுது?"

"முதலில் பாடத்தைக் கவனி" என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். அமர்ந்தவன், அந்த ஆண்டு முழுவதும் அறிவியல் பாடத்தில் மீண்டும் கையை உயர்த்தியதாக எனக்கு நினைவில்லை.

அவன் சொன்னதே சரி. சாளர ஒளியில் நம் கண்ணுக்குப் புலப்படும் தூசின் ஓட்டம், பெரும்பாலும் காற்றோட்டத்தால் நிகழ்வது. மின்விசிறி, கதவிடுக்கில் நுழையும் காற்று, வெயிலில் சூடேறி மேலெழும் காற்று ஆகியவையே அதைச் சுமந்து செல்கின்றன. மூலக்கூறுகளின் இடியால் ஏற்படும் நடுக்கம் அத்தூசுக்கும் உண்டு. ஆனால், அது வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது.

இப்பிழைக்கு நீண்ட வரலாறு உண்டு என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியப் புலவர் லுக்ரீசியசு, வெயிலில் ஆடும் தூசையே அணுக்களின் மறைவான இயக்கத்துக்குச் சான்றாகக் காட்டினார். நம் மணிவாசகரும் திருவண்டப்பகுதியில், வீட்டினுள் நுழையும் கதிரில் தெரியும் நுண்துகளை உவமையாக்கியிருக்கிறார். ஆனால், அவர் அதைக் காட்டியது இறைவனின் முன் அண்டங்களின் சிறுமையை உணர்த்துவதற்காக. இயற்பியல் சான்றாக அன்று. உவமையாக நிற்கும்போது அது அழகு. சான்றாக்கி மதிப்பெண் கொடுத்தது என் பிழை.

சரி, உண்மையான பிரௌன் இயக்கம் எது?

1827ஆம் ஆண்டில் இராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர், கிளார்க்கியா என்னும் பூச்செடியின் மகரந்தத்தை நீரிலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். இங்கும் ஒரு பிழை உலகெங்கும் பரவியிருக்கிறது. "மகரந்த மணிகள் நடுங்கின" என்று பல நூல்களில் படிக்கிறோம். நடுங்கியவை மணிகள் அல்ல. மணிகளுக்குள் இருந்த மிக நுண்ணிய துணுக்குகள். அவற்றின் நீளம் ஏறத்தாழ 0.005 மில்லிமீட்டர். முழு மகரந்த மணியோ அதைவிடப் பன்மடங்கு பெரியது. அதன் நடுக்கத்தைக் கண்டறிவது கடினம்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் திரளும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். கூட்டத்தின் நடுவே வரும் தேரின் மீது எல்லாப் பக்கமிருந்தும் மக்கள் இடிக்கிறார்கள். ஆயினும் இடதுபக்க இடியும் வலதுபக்க இடியும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் தேர் ஆடுவதில்லை. அதே கூட்டத்தில் ஒரு குழந்தையின் கையிலிருந்து நழுவிய பந்து என்ன பாடுபடும்? ஒரு கணம் இப்பக்கம், மறுகணம் அப்பக்கம். நீர் மூலக்கூறுகளின் நடுவே சிக்கிய நுண்துகளின் நிலையும் அதுதான். பெரிய மணி தேரைப் போன்றது. சிறிய துணுக்கு பந்தைப் போன்றது.

மகரந்தத்துக்கு உயிர் இருப்பதால்தான் அசைகிறதோ என்ற எண்ணம் பிரௌனுக்கும் எழுந்தது. அந்த எண்ணத்தோடு அவர் நின்றுவிடவில்லை. கண்ணாடித் தூள், பாறைத் தூள், எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து கிடைத்த கல்துண்டின் தூள் என உயிரற்றவற்றையும் நீரிலிட்டுப் பார்த்தார். அவையும் நடுங்கின. எனவே, உயிர் காரணமன்று என்று தெளிந்தார். உண்மைக் காரணத்தை அவரால் கண்டறிய முடியவில்லை. ஆயினும், கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தார்.

1905இல் ஐன்ஸ்டீன் அந்த நடுக்கத்துக்குக் கணக்கு வகுத்தார். 0.001 மில்லிமீட்டர் விட்டமுள்ள துகள், நீரில் ஒரு விநாடியில் ஒரு திசையில் சராசரியாக 0.0008 மில்லிமீட்டர் இடம்பெயரும். ஒரு நிமிடத்திலோ ஏறத்தாழ 0.006 மில்லிமீட்டர்தான். நேரம் 60 மடங்கானாலும் தொலைவு 8 மடங்கைக்கூட எட்டுவதில்லை. முன்னே ஓரடி, பின்னே ஓரடி எனத் திசையின்றி அலைபவன் வெகுதூரம் போக முடியாதல்லவா? பிரெஞ்சு அறிஞர் ழான் பெரேன், துகள்களை நுண்ணோக்கியில் அளந்து இக்கணக்கு சரியென மெய்ப்பித்தார். அணு என்பது வெறும் கற்பனை என்று வாதிட்டுவந்த வேதியியலாளர் ஓஸ்ட்வால்ட், 1909இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பெரேனுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பேரறிஞர் தாம் பிழைபட்டதை ஒப்புக்கொண்டார். நான் ஒரு பதினொரு வயதுச் சிறுவனிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

"தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் நுணுக்கமாகச் சொல்ல முடியுமா? எளிமைப்படுத்தித்தானே ஆக வேண்டும்?" என்று சக ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான் எளிமைக்கு எதிரியல்லன். எளிமை வேறு, பிழை வேறு என்றுதான் சொல்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. "அசையாத நீரின் மேற்பரப்பு சமமாக இருக்கும்" என்று கற்பிக்கிறோம். நுணுகிப் பார்த்தால் இதுவும் முழு உண்மையன்று. குவளை நீரின் மேற்பரப்பையும் மூலக்கூறுகளின் வெப்ப அசைவு ஓயாமல் குலுக்கிக்கொண்டே இருக்கிறது. பரப்பு இழுவிசை அதை இழுத்துச் சமப்படுத்துகிறது. இவ்விரண்டின் இழுபறியில், பரப்பெங்கும் நுண்ணலைகள் எழுந்தடங்குகின்றன. நீரில் இவற்றின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பது இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு நீர் மூலக்கூற்றின் அளவுதான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மிகச் சிறிய நெகிழித் துகள்களும் பலபடிச் சேர்மமும் கலந்த திரவத்தில் பரப்பு இழுவிசையை நீரினதைவிடப் பல இலட்சம் மடங்கு குறைத்து, அவ்வலைகளை நுண்ணோக்கியில் நேரடியாகவே கண்டு 2004இல் வெளியிட்டனர்.

அப்படியானால் "சமம்" என்று கற்பிப்பது தவறா? இல்லை. நம் அளவுகோலுக்கும் கண்ணுக்கும் அது சமமே. நாளை அம்மாணவன் மேலே படிக்கும்போது, "அது சமந்தான், இன்னும் நுணுகினால் அலைகளும் உண்டு" என்று கூட்டிக்கொள்வான். முன்பு கற்றதை அழிக்க வேண்டியதில்லை. இதுவே எளிமை. வெயில் தூசைக் காட்டிப் பிரௌன் இயக்கம் என்பதோ அப்படிப்பட்டதன்று. அதை அவன் பின்னாளில் அழித்தால்தான் உண்மையை எழுத முடியும். இதுவே பிழை. மேலே படிக்கும்போது கூட்டினால் போதுமா, அழித்தாக வேண்டுமா? ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பு நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவென்பது என் கருத்து.

2019இல் அறிவியல் விழாவுக்கு ஆயத்தம் செய்தபோதுதான் உண்மையான நடுக்கத்தை முதன்முதலில் கண்டேன். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடையில் விற்கும் பாலில் ஒரு துளியைச் சிறிது நீரில் கலக்க வேண்டும். அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய கண்ணாடிச் சில்லால் மூடி, நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் போதும். கொழுப்புத் துளிகள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் எல்லாத் துளிகளும் ஒரே பக்கமாக ஓடும். அது நீரின் ஓட்டம். சற்றுப் பொறுத்தால் ஓட்டம் அடங்கிவிடும். நடுக்கம் மட்டும் அடங்காது.

எல்லாம் ஒன்றாக ஒரே பக்கம் போனால் ஓட்டம்; தனித்தனியே துடித்தால் பிரௌன் இயக்கம். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தபோது எனக்கு அந்தப் பின்வரிசை மாணவனின் குரல்தான் கேட்டது. "எல்லாத் தூசியும் ஒரே பக்கமா போகுதே" என்று, நான் கற்பிக்காத சோதனையை அவன் தன் கண்ணாலேயே செய்து முடித்திருந்தான்.

அப்போது அவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். இன்றுவரை அவனைச் சந்திக்கவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பாடம் வரும்போது முதலில் சாளரத் தூசைக் காட்டுகிறேன்; பிறகு மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறேன். "என்ன மாறியது? ஏன்?" என்று கேட்கிறேன். அதன் பின்னரே பால் துளி.

நம் பிள்ளைகளுக்கு வினா கேட்கத் தெரியவில்லை என்று குறைபடுகிறோம். கேட்டவர்களை நாம் என்ன செய்தோம் என்பதையும் சற்று எண்ணிப் பார்ப்போம். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு சொற்றொடர்தான்: "தெரியவில்லையப்பா, காத்தாடியை நிறுத்திப் பார்க்கலாம் வா."

அன்புடன்,
உங்கள் ஆசிரியை